சாவலந்துறைக் கணக்கு

"ஒரு ஊர் வேணும்டா" என்றார் சோணையண்ணன்.
"மதுரைக்காரன் ஒருத்தனும் போயிருக்கக் கூடாது.
சுத்திலும் தண்ணி இருக்கணும். கப்பல் வரணும்."
மாட்டுத்தாவணியில் அப்போது மணி நாலு. ஆடி மாசம்.
கேட்பாரில்லாத மல்லிகை
சாக்குக்குள் வெந்துகொண்டிருந்தது.
கல்லாவில் இருந்த இரண்டு லட்சத்து எழுபதாயிரம்
எங்கிருந்து வந்ததென்று தாளில் சொல்லியாக வேண்டும்.

நான் கணக்குப்பிள்ளை.
கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில் ஒருமுறை.
அதையும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது,
முதுகு காட்டித்தான் நின்றேன்,
கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விடும்போது.

முதலில் பெயர் மட்டும் எழுதினேன்: சாவலந்துறை.
கலங்கரை விளக்கின் உச்சியில் தகரச் சேவல்,
காற்று மாறினால் கழுத்தைத் திருப்பும்.
வாங்குபவர்: கஸ்பார் மரைக்காயர், கிடங்குத் தெரு.

பெயர் போதவில்லை.
ஆவணியில் ஐம்பது கிலோ எடுத்த மனுஷர்
புரட்டாசியில் முந்நூறு எடுத்தது ஏன்?
திருவிழா ஒன்று வைக்க வேண்டி வந்தது.
மழைக்கு முந்திய கடைசிக் கப்பலுக்குப்
பாய்மரம் முழுக்கப் பூச்சுற்றி அனுப்புவார்கள்.
மாலுமிகள் காதில் செருகிக்கொள்வார்கள்,
ஆம்பளைக்கென்ன பூ என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

தீவில் கிணறு கிடையாது.
குடிதண்ணீர் பீப்பாயில் வரும், படகில்,
வெள்ளியைவிட ஒரு காசு கூடுதலாக.
அதனால்தான் ரசீதில் 'பூவுக்குத் தெளிப்பு நீர்' என்று
தனியாக நூற்றுப் பத்து.
உப்பு, மாசிக் கருவாடு, தார், கயிறு
இவ்வளவுதான் அவர்களிடம் விற்க இருந்தது.
டச்சுக்காரன் வந்து கோட்டை கட்ட ஆரம்பித்து
சுண்ணாம்பு குழைக்கத் தண்ணி இல்லாமல் இடுப்பளவில் விட்டுப்போனான்.
அந்தச் சுவரில் இப்போது வலை காய்கிறது.

அங்கே பொய்ச்சாட்சி சொன்னவனுக்குச் சிறையில்லை.
சந்தையில் எல்லார் முன்னாலும்
ஒரு குடம் நல்ல தண்ணியைத் தானே தரையில் கொட்ட வேண்டும்.
இதை எழுதியபோது வைகையில்
ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்குக் கீழே மாடு மேய்ந்தது.

சோணையண்ணனுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை.
"தொகை சரியா இருக்கா?"
இருந்தது. ஆனால் நான் நிறுத்தவில்லை.
துறைமுகக் கூலிகளின் வேலைநிறுத்தம், ஒன்பது நாள்.
மார்கழியில் பனிவிழுந்து இங்கே பூ குறைய
அங்கே மூன்று கல்யாணம் தள்ளிப்போனது.
மரைக்காயர் மகள் ஒருத்தி கோபித்துக்கொண்டு
கொத்து மல்லிகையைக் கடலில் எறிந்ததைக்கூட
'சேதாரம்' என்று பற்றெழுதினேன்.

பங்குனியில் தணிக்கைக்கு வந்தார் ரமணி பாய்.
காதில் பென்சில். டீ வேண்டாமென்றார்.
பதினாலு மாசத்தையும் கதைபோலப் படித்தார்,
ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார்,
கோட்டையோ கோபக்கார மகளோ, கேட்கவில்லை.
பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
"இத்தனை பூ வாங்குது ஒரு ஊரு.
பேரிலேயே சாவை வச்சுக்கிட்டு
இழவுக்கு ஒரு மாலைகூட வாங்கலியே, ஏன் சார்?"

மின்விசிறி ஓடியது.
நான் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.
ஓரத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

அன்று ராத்திரி கடையிலேயே இருந்தேன்.
மரைக்காயரைக் கொன்றுவிடலாம், கணக்கும் முடியும்,
பாக்கியை வாராக்கடனில் தள்ளிவிடலாம்.
பேனா அவரிடம் போகவில்லை.
கிடங்குத் தெருவில் அவர் வீட்டுக்கு எதிரே
வாசலில் பீப்பாய் வைத்த சின்ன வீடு ஒன்றை
அப்போதுதான் பார்த்தேன்.
அங்கே ஒருத்தி. காய்ச்சல், நாலு நாள்.
புருஷன் ஒரு கணக்குப்பிள்ளை.

விடியற்காலை சோணையண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார்.
"துக்கத்துக்கு எத்தனை கிலோ போட்ட?"

"நாலு முழம்."

"முழமா? நாம மொத்த வியாபாரம்டா.
சரி, பணம் வந்துச்சா?"

வெளியே உசிலம்பட்டி வண்டியிலிருந்து
முதல் மூட்டை இறங்கியது, ஈரமாக.
எழுந்து போய் நாலு முழம் கட்டித்தரச் சொன்னேன்.
ரசீது எந்த ஊர் பேருக்கு என்று கேட்டாள் கட்டுகிறவள்.