கடந்த இருபத்துநாலு மாதங்களில்

ஒலுமடுவில் பஸ் இறக்கிவிட்டுப் போனது.
மிச்சம் ஏழு கிலோமீற்றர், சைக்கிள்.
பையில் பதினெட்டுப் பக்கப் படிவம், நாற்பது பிரதி,
இரண்டு பேனை, ஒரு பென்சில்.
மழை வந்தால் மை கரையும் என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

முதிரையடிக்குளத்தில் முப்பத்தொரு வீடு.
முப்பத்தொரு வீட்டிலும்
முதலில் தேத்தண்ணி, பிறகுதான் கேள்வி.

கேள்வி நாலு.
மிதிவெடியால் எதற்கெல்லாம் தடை?
விவசாயம், மேய்ச்சல், விறகு, தண்ணீர், பாதை, வேறு.
செபமாலையின் மனைவி றோசலின்
'வேறு' என்பதில் விரலை வைத்தாள்.
"எழுதுங்கோ, அங்காலை ஒரு பாலை நிக்குது.
வைகாசி கழிய
மண் தெரியாமல் மஞ்சளாப் பழம் கிடக்கும்.
குரங்கு தின்னும்.
நாங்கள் கம்பிக்கு இஞ்சால நிண்டு மணம் பிடிப்பம்."
'வேறு'க்கு விட்டிருந்த இடம் ஒரு விரற்கடை.
பாலை என்று மட்டும் எழுதினேன்.

கேள்வி ஒன்பது. கால்நடை இழப்பு உண்டா?
விமலேஸ்வரன் கதிரையில் இருந்தபடியே
சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கினார்.
"கால் போச்சு. நடையும் போச்சு.
ரெண்டையும் சேர்த்து ஒண்டெண்டு போடுங்கோ, தங்கச்சி."
அவரே சிரித்தார்.
எனக்கு முன் வந்த மூன்று நிறுவனத்துக்கும்
இதே பகிடியைச் சொல்லியிருக்க வேண்டும்.
மகள் சிரிக்கவில்லை.
கோழிக்குக் குறுணல் எறிந்துகொண்டு நின்றாள்.

மாடும் போயிருந்தது.
இரண்டு நாம்பன், கன்றுத்தாய்ச்சிப் பசு ஒன்று.
பசு உடனே சாகவில்லையாம்.
பின்னேரம் தொடங்கி விடியும்வரை கத்தியது.
ஒருவராலும் கிட்டப் போக முடியவில்லை.
அந்த இரவு எல்லா வீட்டிலும்
ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள்.
இதற்குப் படிவத்தில் கேள்வி இல்லை.
நானும் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னது.

கேள்வி பதினொன்று.
கடந்த இருபத்துநாலு மாதங்களில் விபத்து எத்தனை?
ஒன்றும் இல்லை.
"கம்பிக்கு அங்கால இப்ப ஆர் பிள்ளை போறது?"
ஆறு ஏக்கர் வயல் உள்ள நிமலதாசன்
அடுத்த ஊரில் கூலிக்கு அருவி வெட்டுகிறான்.
குளத்துக்கு நேர்வழி அரைக் கட்டை,
பெண்கள் குடத்தோடு சுற்றி நடப்பது இரண்டு கட்டை.
கம்பிக்கு உள்ளே பந்து விழுந்தால்
பிள்ளைகள் அன்றைய விளையாட்டை
அதோடு முடித்துக்கொள்கிறார்கள்.
உள்ளே பதினாலு பந்து கிடக்கிறது என்றான் ஒரு பொடியன்.
ஒவ்வொன்றும் ஆருடையது என்பதையும் சொன்னான்.

மாங்குளத்து விடுதியில் அன்றிரவு புள்ளி போட்டேன்.
விவசாயம் ஒன்று. மேய்ச்சல் ஒன்று. விறகு ஒன்று.
தண்ணீர் ஒன்று. பாதை ஒன்று.
'வேறு'க்குப் புள்ளி இல்லை.
அண்மைய விபத்தில் ஆளுக்கு இரண்டு புள்ளி, அதுவும் இல்லை.
விமலேஸ்வரனின் கால்
ஐந்து வருடம் பழையது.
மொத்தம் ஐந்து.

ஐந்துவரை குறைந்த பாதிப்பு, வரைபடத்தில் மஞ்சள்.
பதினொன்றிலிருந்து சிவப்பு.
மண்ணை விரல் விரலாகக் கிளறுகிறவர்கள்
சிவப்பு ஊருக்குத்தான் முதலில் வருவார்கள்.
ஐந்தோடு ஆறு, பதினொன்று.
இன்னும் மூன்று பேர்
அந்தக் கம்பியைத் தாண்டியிருந்தால் போதும்.
கணக்கை இரண்டு தரம் பார்த்தேன்.
கணக்குச் சரி.
கவனமாக இருந்ததற்கு
முதிரையடிக்குளம் காத்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை வவுனியா அலுவலகத்திலிருந்து
கணினியில் பதிகிற பொடியன் அழைத்தான்.
"அக்கா, கேள்வி நாலிலை பாலை எண்டு கிடக்கு.
தரிசு நிலம் எண்டு போடவா?"
"மரம்" என்றேன். "பழுக்கிற மரம்."
விசைகளின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது.
"மரத்துக்கு இலக்கம் இல்லையே, அக்கா."

வேறு எண்டே கிடக்கட்டும், தம்பி.