அரை மீட்டர்

சல்வா ரோட்டுப் பெரிய கடையில்
எனக்கு அளந்து கொடுத்த இடம் அரை மீட்டர்.
இடப்பக்கம் பிரிண்டர் மை,
வலப்பக்கம் தூண்.
தூணில் தீயணைப்புக் குழாய். அதை மறைத்து
போஸ்டர் ஒட்டக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அரை மீட்டரின் மாத வாடகை
நானும் அறையில் இருக்கும் ஆறு பேரும்
படுக்கைக்குக் கட்டுவதைவிட அதிகம்.
கம்பெனி கட்டுகிறது, எங்கோ வடக்கே
பனி பெய்யும் ஊரில் இருக்கிற கம்பெனி.
பெயர் ஹெல்வார்.

ஹெல்வா என்று படித்து
அரபுப் பிள்ளைகள் சிரிக்கும். அவர்கள் பாஷையில் அழகி.
அறையில் தாவீது சொன்னான்:
"நம்ம பாஷையிலயும் சரியாத்தான் வச்சிருக்கான்.
எத்தன பேருக்குக் குடுத்த இன்னைக்கு, அல்வா?"

யாருக்கும் இல்லை.
பதினேழு நாளாக யாருக்கும் இல்லை.

எதிரே எட்டு மீட்டர் மேஜையில்
வெள்ளை வெளிச்சத்தில் பெரிய பிராண்டு.
அதை விற்கும் ரோவெல் வாய் திறக்க வேண்டியதில்லை;
பில் போடத் தெரிந்தால் போதும்.
நிச்சயதார்த்தம் முடிந்தவர்கள் மாதிரி
நேரே போய் நிற்கிறார்கள்.
என்னிடம் வருகிறவர் கேட்பது
கழிப்பறை எங்கே. சில சமயம்
மை எங்கே.

எனக்கும் வசனம் சொல்லித் தந்தார்கள்:
விசிறி இல்லை, சத்தம் இல்லை,
நாலு திருகு கழற்றினால் நீங்களே பழுது பார்க்கலாம்.
"பழுதாகுமா?" என்கிறார்கள் உடனே.
அதற்கு வசனம் தரவில்லை.

துபாயிலிருந்து மேனேஜர் வருவதாகச் செய்தி வந்தது.
கூட்டம் எப்படி என்று பார்க்க வேண்டுமாம்.
கூட்டம்!
அன்றிரவு அறையில் பேசி முடித்தேன்:
ஆளுக்கொரு சவர்மா, ஒரு பெப்சி.
செவ்வாய் என்பதால் பிழைத்தேன்;
வெள்ளி என்றால் குடும்பங்களுக்கு மட்டும் என்று
காவலர் வாசலிலேயே கை காட்டியிருப்பார்.

வந்தார்கள், சனாயாவிலிருந்து பஸ் மாறி,
ஆறு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில்,
ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி.
தாவீது என்னை "சார்" என்றான்.
அஸ்கர் அலி மடிக்கணினியைத்
தர்பூசணி போலத் தட்டிப் பார்த்தான்.
மேனேஜர் தூணுக்கு அப்பால் நின்று
போனில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இசக்கிமுத்து மட்டும் நடிக்கவில்லை.
நாளெல்லாம் ஏசி டக்ட் வெட்டுகிறவன்,
டிஸ்ப்ளே பீஸை அலாரம் ஒயரோடு திருப்பி
திருகுகளை நகத்தால் தடவினான்.
"நாலே நாலா?"
நாலே நாலு.
"கழத்தட்டா?"
பையிலேயே வைத்திருந்தான் ஸ்க்ரூ டிரைவர்.
உள்ளே பார்த்தவன்
ஆள் தூங்குகிற அறையில் பேசுவது போலச் சொன்னான்:
"சுத்தமா செஞ்சிருக்கான்டா.
ஒரு ஒயரு இன்னொண்ணு மேல கெடக்கல."

நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

பிறகு விலை கேட்டான்.
நடிப்பென்று நினைத்து உரக்கச் சொன்னேன்.
விரல் மடக்கத் தொடங்கினான்:
சம்பளம், சீட்டு, ஊருக்கு அனுப்புவது, ஓவர்டைம்.
"மூணு தவணைல குடுப்பாங்களா?"

மேனேஜர் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.
பதினெட்டாவது நாள்.
எனக்குத் தெரியும், தோஹாவில் இதற்கு சர்வீஸ் கிடையாது,
சார்ஜர் போனால் ஆறு வாரம்,
அடுத்த மாதம் இந்த அரை மீட்டர்
காபி மெஷினுக்குப் போகிறதென்று
ஃப்ளோர் சூப்பர்வைசர் ஷம்நாத்
காதோடு சொல்லியாயிற்று.

திருகு பொறுக்குவது போலக் குனிந்து
"வேணாம்டா" என்றேன்.
"ஏன், நல்லாத்தான இருக்கு?"
"நல்லாத்தான் இருக்கு."

மேனேஜர் வந்து தோளைத் தட்டினார்.
வாடிக்கையாளர் ஈடுபாடு பிரமாதமாம்.
சவர்மா, பெப்சி, எல்லாம் சேர்த்து
நாற்பத்திரண்டு ரியால்.

இரவு விளக்கணைத்த பிறகு
மேல்கட்டிலிலிருந்து குரல் வந்தது:
"தவணை பத்தி விசாரிச்சியா?"
தூங்குவது போலக் கிடந்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
என்னிடம் அல்ல,
"நாலே நாலு" என்றான்.