அதிகப்படியாக ஒரு கால்

வால்திவியாவில் பதினோராம் நாளாக மழை.
பொத்தானை அமுக்கினேன்.
விசிறி அரைச் சுற்று சுற்றி
ஏதோ ஞாபகம் வந்தவர் போல நின்றுவிட்டது.

மறுபடி.
அரைச் சுற்று. அவ்வளவுதான்.
கீச்சென்று ஒரு சத்தம் வந்தாலாவது
எத்தனை கீச் என்று எண்ணி
கையேட்டில் நோய்க்குப் பெயர் தேடலாம்.
இது கல்லுளிமங்கன்.

மூன்று மாதச் சேமிப்பு:
புது போர்டு, புது பிராசசர், மெமரிப் பட்டை இரண்டு.
ரொஸாமேலின் பட்டறைக்கு நான் வரையும் படகுகளைப்
பழைய போர்டால் திருப்ப முடியவில்லை.
அணியம் வரை காட்டும்,
அமரத்துக்குப் போகுமுன் உறைந்துவிடும்.
திங்கட்கிழமை காலை
விலாச் சட்டங்களின் அளவு கேட்டு
தச்சர்கள் காதில் பென்சிலோடு நிற்பார்கள்.
இன்று சனி.
இல்லை, ஞாயிறாகிவிட்டது.

முதலில் சந்தேகம் மழையின் மேல்.
பிறகு மின்சாரக் கம்பெனி மேல்.
பிறகு நொல்பெர்த்தோ மேல்:
கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்ததை
உறை மாற்றி என் தலையில் கட்டிவிட்டான்.
இரவு இரண்டு மணிக்கு அவனுக்கு ஏழு செய்தி அனுப்பினேன்.
ஏழிலும் மரியாதை
படிப்படியாக இறங்கியிருந்தது.

ஒரு மெமரியைப் பிடுங்கினேன். அரைச் சுற்று.
அதை வைத்து இதை எடுத்தேன். அரைச் சுற்று.
கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி ரொட்டிக் கூடையில் வைத்தேன்.
வட்டுகளின் கம்பிகளை உருவினேன்.
பொட்டளவு பேட்டரியைக் கழற்றி
நூறு எண்ணி,
நம்பிக்கையில்லாமல் இன்னும் ஐம்பது எண்ணி
திரும்பப் போட்டேன்.
மேலே மூலையில், எல்லோரும் மறக்கிற அந்த எட்டு முனைச் செருகி?
செருகித்தான் இருந்தது.
அதையாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா
என்று ஏங்கினேன்.

கடைசியில் போர்டையே வெளியே எடுத்து
அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் கிடத்தி
ஸ்குரூடிரைவர் நுனியால் இரண்டு ஊசிகளைத் தொட்டேன்.
முழுச் சுற்று.
இன்னொன்று.
சுற்றிக்கொண்டே இருந்தது.
திரையில் வெள்ளை எழுத்து.
சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.
ஆற்றங்கரை மீன் சந்தைப் பக்கமிருந்து
கடற்சிங்கம் ஒன்று பதிலுக்குக் குரைத்தது.

பெட்டிக்குள் இறக்கி, திருகாணி முடுக்கி, அமுக்கினால்
அரைச் சுற்று.
வீட்டில் எலி வெளியில் புலி என்பார்களே,
அது.

ஆறே முக்காலுக்கு யாஸ்னா வந்தாள்,
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து, கோட்டில் மழை சொட்ட.
அறுவை மேஜையருகே கத்தி எடுத்துக் கொடுப்பவள்.
இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம்
வாடகையில் என் பங்கு இதிலிருந்து வருகிறது என்பதுதான்.
ஈர விறகை அடுப்பில் திணித்தபடி
தலையைத் திருப்பாமல் கேட்டாள்:
"மூடுவதற்கு முன்னால் எண்ணினாயா?"
"எதை?"
"உள்ளே போனதை. வெளியே வந்ததை.
நாங்கள் பஞ்சைக்கூட எண்ணாமல் தைப்பதில்லை."

சிரித்தேன். பிறகு எண்ணினேன்.
திருகாணி எட்டு.
போர்டில் துளை எட்டு.
பெட்டித் தகட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்
ஒன்பது.

நடுவில் ஒன்று, மேலே துளையில்லாமல்
போர்டின் முதுகில் முட்டிக்கொண்டு.
பழைய போர்டுக்கு அந்த இடத்தில் துளை இருந்தது.
ஆறு வருஷத்துக்கு முன்
வேறு யாரும் தொடக்கூடாதென்று
நானே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு
முடுக்கிய கால்.
நன்றாகத்தான் முடுக்கியிருக்கிறேன்.
குறடு இல்லாமல் அசையவில்லை.

ஏழரைக்குத் திரையில் படகு முழுசாகத் திரும்பியது.
அணியம், விலா, அமரம்.
அமரத்தில் ஒரு பலகை குறைவாக
இத்தனை நாளும் நான் வரைந்திருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

யாஸ்னா கோட்டோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.
அவள் கோப்பைக்குப் பக்கத்தில்
பித்தளைக் காலை நிறுத்தி வைத்தேன்.
பிறகு செல்போனை எடுத்து
நொல்பெர்த்தோவுக்கு அனுப்பியதை ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஆறு அழிந்தது.
ஏழாவதில் விரலை வைக்கும்போது
அவன் பெயருக்குக் கீழே
எழுதுகிறார் என்று வந்தது.