இருபத்தைந்து மைல்

சேர்வதற்கு ஒரு விரல் போதுமாயிருந்தது.
ஜனவரி மூன்று, இரவு இரண்டு மணி,
டொலீடோ நகரில் பனி கொட்டிக்கொண்டிருக்க
டார்லீன் கோவால்சிக்
படுத்தபடியே ஒரு பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.
முதல் மாதம் ஒரு டாலர்.
பச்சைத் துவாலை ஒன்று இலவசம்.

பதினோரு முறை போனாள் அந்த ஜிம்முக்கு.
ஒன்பது முறை குளிக்க மட்டும்.
வீட்டுக் கொதிகலன் வெடித்திருந்தது;
வாடகை வாங்குகிறவர் நாளை நாளை என்றே
பிப்ரவரியைக் கடத்திவிட்டார்.
கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து
புருவத்தில் ஒட்டிய மினுக்குத் தூளைக் கழுவ
அங்கே தீராத வெந்நீர் இருந்தது.
அதை மட்டும் அவள் குறை சொல்லமாட்டாள்.

ஏப்ரலில் புதுக் கொதிகலன் வந்தது.
பொத்தானைத் தேடினாள்.
பச்சை இருந்த இடத்தில் பச்சையே இருந்தது.
சிவப்பு
எங்கும் இல்லை.

தொலைபேசியில் ப்ரென்ட் என்றொரு பையன்.
காரணம் கேட்டான்.
வேண்டாம், அதுதான் காரணம் என்றாள்.
அது பட்டியலில் இல்லையே மேடம் என்று வருந்தினான்.
பின்னணியில் இன்னும் இருபது பேர்
வருந்திக்கொண்டிருக்கும் இரைச்சல்.
பட்டியலில் இருந்தவை:
சாவு.
மருத்துவர் கையெழுத்திட்ட நோய்.
அல்லது எங்கள் எந்தக் கிளையிலிருந்தும்
இருபத்தைந்து மைலுக்கு அப்பால் குடிபெயர்வது;
அதற்கு மின்கட்டண ரசீது, அசல், பதிவுத் தபாலில்.
செத்தவர்களுக்கு நகல் போதும்.

வீடு என்ற சொல்லிலேயே
விடுதலையையும் வைத்திருக்கிறோம் நாம்.
பதினான்காம் பத்தியை எழுதிய வக்கீலுக்குத்
தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.
ஆனாலும் அதையேதான் எழுதியிருந்தான்:
வீடு மாறினால் வீடு.

சமையல் மேசையில் வரைபடத்தை விரித்து
சூப் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டாள்.
டொலீடோவுக்கு மூன்று. ஃபின்ட்லே. சாண்டஸ்கி.
மாநிலம் தாண்டி மன்ரோவிலும் ஒன்று.
வட்டத்தின்மேல் வட்டம் ஏறி நின்றதில்
மிஞ்சியது ஈரி ஏரியின் நடுவே
கைக்குட்டை அளவு நீலம்.
அங்கே மின்கட்டணம் யார் அனுப்புவார்?

மேலாளரை நேரில் பாருங்கள், செவ்வாய்தோறும் வருவார்.
செவ்வாயன்று போனாள்.
திங்களே அவர் வேலையை விட்டுவிட்டார்.
ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான் என்றாள்
வரவேற்பில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த பெண்.
கதவிடுக்கில் தெரிந்த அவர் நாற்காலி
இன்னும் சுழன்றுகொண்டிருப்பதாகப் பட்டது டார்லீனுக்கு.

அன்று அவள் வெந்நீர்ப் பக்கம் போகவில்லை.
தொழிற்சாலை பூட்ஸோடு ட்ரெட்மில்லில் ஏறினாள்.
எதிரே கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் வாகன நிறுத்தம்,
விளக்குக்குக் கீழே அவள் கார்,
கதவோரம் துரு.
முதல் இரவு நான்கு மைல்.
கார் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை.
மறுநாள் மூன்றரை. அதற்கடுத்த நாள் முழங்கால் வலி, இரண்டு.
இறங்குமுன் ஒவ்வொரு முறையும்
திரையைப் படமெடுத்துக்கொண்டாள்.
எட்டாவது இரவு கூட்டிப் பார்த்தபோது
இருபத்தைந்தும் கொஞ்சமும்.

படங்களோடு கடிதம் வைத்தாள்:
உங்கள் இயந்திரமே சாட்சி.
உங்கள் கிளையிலிருந்து புறப்பட்டு
இருபத்தைந்து மைல் வந்துவிட்டேன்.
இனியாவது என்னை விடுங்கள்.
பதிவுத் தபால், எட்டு டாலர் பத்து.

பத்தாம் நாள் பார்சல் வந்தது.
வாழ்த்துகள் டார்லீன்! உங்கள் முதல் இருபத்தைந்து மைல்!
பரிசாக உங்கள் உறுப்பினர் காலத்தை
மேலும் ஒரு மாதம் நீட்டியிருக்கிறோம்.
உடன் ஒரு துவாலை.

நல்ல துவாலைதான். கனத்த பருத்தி.
அதே பச்சை.
பழையதையும் அதையும் அருகருகே
குளியலறைக் கம்பியில் காயப்போட்டிருக்கிறாள்.
எது முதலில் வந்தது என்று
இப்போது அவளுக்கே தெரியவில்லை.