அரைச்சுரம் கீழே

ஆறாயிரம் அடி ஏறி வந்து
சுருதியை அரைச்சுரம் கீழே இறக்கிவைத்தேன்.
முந்நூறு வருஷம் முன்னால் அப்படித்தானாம்.
அதற்கும் ஆட்சேபம் உண்டு:
ஊருக்கொரு சுருதி,
ஒரே ஊரில் தேவாலயத்துக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று.

கோத்தகிரியில் இது மழையின் பதினோராம் நாள்.
ஹார்ப்சிகார்டின் பலகை ஈரம் குடித்து உப்புகிறது,
தந்திகள் விறைத்து மேலே போகின்றன.
நான் இறக்குவதை
மலை ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிடுகிறது.
ஐம்பத்தொரு தந்தி, ஒரு சாவி,
இடது காதில் ஜலதோஷம்.

புதன்கிழமை நடு எஃப் ஊமையானது.
கட்டையை அழுத்தினால் மரம் மட்டும் டொக்கென்றது.
தந்தியை மீட்டும் இறகு முறிந்திருந்தது.

மீன்கடை அமானுல்லா
அண்டங்காக்கை இறகு நான்கைச்
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.
"இதுக்கெல்லாம் காசு வாங்கினா
காக்காவே சிரிக்கும் டீச்சர்."

பிளேடால் சீவினேன்.
ஒரு சீவல் குறைந்தால் தந்தியோடு சண்டை,
ஒரு சீவல் கூடினால் பேச்சே இல்லை.
மூன்று வீண்.

அடித்தாலும் தொட்டாலும் இதற்கு ஒரே குரல்.
பியானோவில் வளர்ந்த என் விரல்கள்
முதல் வருஷம் முழுக்கக் கத்திப் பார்த்தன.
பிறகுதான் தெரிந்தது
கையில் இருப்பது நேரம் மட்டுமே என்று.
ஒரு சுரத்தைக் கொஞ்சம் காக்கவைக்கலாம்.
இடதுகையை முன்னே போகவிட்டு
வலதுகையைப் பின்னால் வரச்சொல்லலாம்.
விரலை எடுக்கத் தயங்கலாம்.
எவ்வளவு என்று பழைய ஏடுகளில் தேடினால்
"நல்ல ரசனைப்படி" என்று
எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், மகராசர்கள்.

சனிக்கிழமை நூலகக் கூடத்தில் ஒன்பது பேர்.
மின்சாரம் போய், எமர்ஜென்சி விளக்கில்
மெதுவான நடனம் ஒன்று.
கடைசி எஃப்புக்கு முன்னால் நிறுத்தினேன்,
ஒத்திகையில் நிறுத்தியதைவிட அதிகம்.
வெளியே தேயிலைக்குள் காட்டெருமை ஒன்று
மூச்சு விட்டது.
பிறகு தொட்டேன்.

எல்லோரும் போனபின்
பின்வரிசையில் ஈரக்குடையோடு அமானுல்லா.
"இதுல நம்ம காக்கா எது?"

காட்டினேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டு
ஒரு விரலால் அழுத்தினார்.
ஒலி முழுக்கத் தேயும்வரை
தலையைச் சாய்த்தபடி நின்றார்.

"கொஞ்சம் ஏறியிருக்கு போல" என்றார்.

ஏறித்தான் இருந்தது.