தேம்

மிலானோவில் முதல் நாள்.
வீட்டுக்காரி கைக்குழந்தையை நீட்டி
"தியேனி" என்றாளாம்.
பிள்ளை உண்டா என்று கேட்கிறாளாக்கும் என்று
"தேம், தோய்ஸ்" என்றாள் இவோனா,
ரெண்டு விரலைக் காட்டி.
குழந்தை நடுவில் தொங்கிக்கொண்டு நின்றது.

போனில் சொல்லிச் சிரித்தாள்.
கூழாவடியில் நாங்களும் சிரித்தோம்.
மறுகா, சிரிப்பு முடிந்த இடத்தில்
ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை.

எனக்கு நூலகத்தில் வேலை.
யேசு சபைச் சாமிமார் விட்டுப்போன லத்தீன் அகராதி
எடுப்பாரில்லாமல் முதுகு வெடித்துக் கிடந்தது.
அடுத்த நாள் பிரித்தேன்.
தெனேரே: பிடி.
கடிவாளத்தை, கோட்டையை, மூச்சை,
பிடி.

பிரெஞ்சுக்காரன் இன்னும் பிடித்த பிடியில்.
ருமேனியாவிலும் விரல் தளரவில்லை.
ஸ்பானியனுக்குத்தான் பிடித்தது கையோடு ஒட்டி
உடைமையாகிப் போனது;
பசியையும் அவன் வைத்திருக்கிறான், வயதையும்,
காணி உறுதி வைத்திருப்பதைப் போல.
போர்த்துக்கேயன் நடுவில் நின்ற னகரத்தை விழுங்கிவிட்டு
மிச்சத்தைக் கப்பலில் ஏற்றி வந்து
நம் வாவிக் கரையில் இறக்கினான்.

இங்கேதான் அதன் கை விரிந்தது.
பிள்ளையை வைத்திருக்கிறேன் என்று
பெற்றவர் வாயில் இங்கு வராது.
எனக்குப் பிள்ளை இரிக்கு.
அவ்வளவுதான். எனக்கு. இரிக்கு.
பக்கத்து வளவில் நானூறு வருஷம் கேட்டுக் கேட்டு
இவோனாவின் ஆட்களும் அப்படியே சொன்னார்கள்:
பரிம் தேம்.
பிடி என்று புறப்பட்டது
இரு என்று வந்து சேர்ந்தது.

(பழந்தமிழில் தேம் என்றால் தேன். இடம் என்றும் உண்டு.
அது வேறு தேம், உறவில்லை.
ஆனாலும் குறித்துக்கொண்டேன்.)

இரவு அவளுக்குச் சொன்னேன்:
அந்த மனிசி கேட்கவில்லை, தந்தவ.
இந்தா பிடி என்றிருக்கிறா.
உன்ர சொல்தான் அது, வேறு கரையில் ஏறினது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப, பிடி எண்டவவுக்கு
இரிக்கு எண்டு சொல்லிரிக்கன்."

பின்னால் அந்தக் குழந்தை அழுதது.
"இரி" என்று போனைக் கட்டிலில் போட்டாள்.
திரை முழுக்க மிலானோவின் முகடு,
விசிறி இல்லாத, பல்லி இல்லாத வெள்ளை.

ரினோஷா என் மடியில் ஏறி எட்டிப் பார்த்தாள்.
"மம்மா இரிக்காவா?"
தேம், என்றேன்.
ரெண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டாள்.