ஒலி போன பெட்டி

செவ்வாய்ப்பேட்டையில்
எங்கள் வெள்ளிப் பட்டறைச் சுவரில்
கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது.
படம் வரும். சத்தம் வராது.
ஸ்பீக்கர் கிழிந்து இரண்டு தீபாவளி ஆகியிருந்தது.
"காது கேட்டால் கை நிற்கும்,
இப்படியே கிடக்கட்டும்" என்பார் முதலாளி கந்தப்பன்.

கை நிற்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

வாரத்தில் ஒரு ராத்திரி நாட்டியம் போடுவார்கள்.
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்தபடியே
நானும் பூங்காவனமும் நிமிர்வோம்.
அவள் முகம் பார்ப்பாள். நான் கால்.
தொழில் புத்தி.
அந்தக் கேமராக்காரருக்குக் காலோடு என்ன பகையோ,
அடவு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து
மூக்குத்திக்குப் போய்விடுவார்.
மூக்குத்தியிலா இருக்கிறது தாளம்?
ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே திட்டுவேன்.

மாடியில் தமயந்தி டீச்சர் வீடு.
அவர் ரேடியோவில் அதே நேரம் நாதஸ்வரம்.
மரப்படி வழியாகத் தவில் இறங்கி வரும்.
கண்ணுக்கு ஒரு ஊர், காதுக்கு ஒரு ஊர்.
இங்கே இவள் கண்ணனைக் காணாமல் தவித்துக்கொண்டிருப்பாள்,
அங்கே யாருக்கோ தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள்.
ஒட்டவே ஒட்டாது.

ராகத்தின் பேர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.
ஒரு சலங்கையைக் காதோரம் உலுக்கி
பற்று பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்வேன்.
அதே காதால்தான் எல்லாவற்றையும் கேட்டேன்.

எப்போதாவது,
சில ராத்திரி அதுவும் இல்லை,
அவள் குதிகால் தரையில் விழுகிற இடமும்
தவில்காரர் தீர்மானத்தை முடிக்கிற இடமும்
ஒன்றாகிவிடும்.
யாரும் ஏற்பாடு செய்யாதது.
பூங்காவனம் என்னைப் பார்ப்பாள், நான் அவளை.
அந்த ஓர் அடிக்காகக்
கூலியில்லாமல் அரை மணி உட்கார்ந்திருக்கிறோம்.

ஏற்காட்டில் மழை இறங்கினால்
பெட்டிக்குள் புள்ளி கொட்டும்.
மாவு சலிக்கிற சல்லடைக்குள் நின்று ஆடுவாள் பாவம்.
ஒரு நாள் அவளும் போய்
'தடங்கலுக்கு வருந்துகிறோம்' வந்து நின்றது.
மேலே தவில் நிற்கவில்லை.
எழுத்துகள் லேசாக நடுங்கின.
"இதுவும் ஆடுதுடி" என்றாள் பூங்காவனம்.
சிரித்த சிரிப்பில் பொடித்தட்டு கவிழ்ந்து
மூன்று கிராம் வெள்ளி கணக்கில் இல்லாமல் போனது.
சனிக்கிழமை கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அஸ்தம்பட்டியில்
சுவர் அகலத்துக்கு டிவி மாட்டியிருக்கிறாள் என் மகள்.
கால் தெரிகிறது. விரல் மடிப்பு தெரிகிறது.
நகத்தில் மருதாணி உதிர்ந்த இடம்கூட.
ஜதி விழ, மிருதங்கம் விழ, கால் விழ,
மயிரிழை பிசகில்லை.
நன்றாகத்தான் இருக்கிறது,
குறை சொன்னால் வாய் வெந்துவிடும்.

ஆனாலும் வீட்டில் ஆளில்லாதபோது
டிவி சத்தத்தை அணைத்துவிட்டு
போனில் கைக்கு வந்த நாதஸ்வரத்தைப் போடுகிறேன்.
ஒரு தட்டுவடை செட்டை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

போன செவ்வாய் சீட்டுப் பணத்துக்கு வந்தாள் பூங்காவனம்.
டிவி ரிப்பேரா என்று கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றினாள்.
சோபாவை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள்,
பட்டறையில் உட்காருவது போலவே,
ஒரு முழங்காலைத் தூக்கி.
"விழுந்துச்சா?"
"இன்னும் இல்லை."

ஒரு செட்டை நீட்டினேன்.
அவள் கடித்த நொறுக்
தவிலோடு சரியாகச் சேர்ந்தது.
ஆடுகிறவள் அப்போதுதான் காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.
"இது கணக்குல சேராது" என்றாள்
வாயோரத்துச் சட்னியைத் துடைத்தபடி.